லெமா ஜந்தோங்: சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஓர் எக்கோ பயணம்

இந்தப் பக்கத்தில் இதுவரை அருவி, கடற்கரை, மீன் கறி என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஆஸ்பத்திரி. முகம் சுளிக்காதீர்கள். வட ஜொகூரிலிருந்து இதய வைத்தியத்துக்கு ஜொகூர் பாரு போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எங்கே நிறுத்தலாம், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் எழுதி வைப்பதில்லை. எனவே நானே எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு செவ்வாய் மதியம் கிளம்பி, புதன் மாலை வீடு திரும்பிய பயணம் இது. நானும் என் மனைவி புஷ்பாவும் போனோம்.

எதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தோரு வயது. சிகாமட்டில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன், இருபத்தேழு வருஷமாக. போன வருஷக் கம்பெனி விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் விழுந்தது. நாடித் துடிப்பை எண்ணுகிற ரகம். நான் பாட்டுக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது 'இன்றைய உடற்பயிற்சி முடிந்தது, வாழ்த்துகள்' என்று காட்டும். பஸ் ஓட்டுவதே பெரிய உடற்பயிற்சி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

உண்மையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே என் இதயம் நிமிடத்துக்கு நூற்று நாற்பது தடவை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக் கணக்கில். படி ஏறினால் மூச்சு வாங்கியது, வாயு என்றேன். படுத்தால் இருமல் வந்தது, ஏர்கோன் என்றேன். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நெஞ்சில் கருவியை வைத்து எக்கோ படம் எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டுமாம். என்னுடையது இருபத்தைந்து சதவீதம்தான் தள்ளியது.

"நீங்க பஸ் ஓட்டுறவர்தானே? நாலாயிரம் சுத்துல ராப்பகலா என்ஜினை ஓட விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் டாக்டர். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாளம் தப்பி வேகமாக அடித்து அடித்தே இதயத்தின் தசை களைத்துப் போயிருந்தது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த வகைப் பலவீனத்தில் தாளத்தைச் சரி செய்துவிட்டால் தசை தானாகவே தேறி வர வாய்ப்பு இருக்கிறது.

துடிப்பைக் குறைக்க, ரத்தம் உறையாமல் இருக்க, தசைக்குத் தெம்பு கொடுக்க என்று ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஜொகூர் பாருவில் சிகிச்சை. தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை கொண்டுபோய், கோளாறு செய்கிற இடத்தைச் சுட்டுவிடுகிறார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. அது முடிந்து மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மறுபடி எக்கோ எடுக்கும்போது எண் முப்பத்தைந்தைத் தாண்டாவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு பெட்டி வைப்பார்கள். இதயம் திடீரென்று தடுமாறினால் உள்ளேயே ஷாக் கொடுக்கிற பெட்டி. உயிருக்குப் பாதுகாப்புதான். ஆனால் பெட்டி வைத்தவனுக்குப் பஸ் ஓட்ட லைசன்ஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்த ஓர் எண்ணைக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

செவ்வாய் மதியம் 1.10க்குக் கிளம்பினோம். சிகாமட்டில் நாற்பது வெள்ளிக்கு எண்ணெய் போட்டோம், அதுவே போக வரப் போதும். காரை ஓட்டியது புஷ்பா. எனக்கு மூன்று மாதமாக ஓட்டத் தடை. இருபத்தேழு வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவன் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதுவும் புஷ்பா ஓட்டுகிற ஓட்டம்! லாபிஸ் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரி ஊர்ந்து போனது, அதன் பின்னாலேயே நாங்களும் ஊர்ந்தோம். முந்த மாட்டாள், ஹார்ன் அடிக்க மாட்டாள். ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் பாட்டுக்கு மாற்றிவிடுவாள். எல்லாம் எனக்காகத்தான். முதல் தடவை என்னை வார்டில் சேர்த்தபோது அங்கிருந்த மலாய் டாக்டர் அவளிடம் என் இதயத் தசை பலவீனம் என்று சொல்லியிருக்கிறார். மலாயில் ஒத்தோத் என்றால் தசை, ஜந்தோங் இதயம், லெமா பலவீனம்; அவர் சொன்னது ஒத்தோத் ஜந்தோங் லெமா. புஷ்பா காதில் விழுந்தது லெமா ஜந்தோங். ஜந்தோங்கும் லெமாவும் இடம் மாறினால் அர்த்தமும் மாறிவிடும். பேய்ப் படம் ஆரம்பிக்கும் முன் எழுதிக் காட்டுவார்களே, லெமா ஜந்தோங் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம் என்று, அது. தமிழில் இதய பலவீனம் உள்ளவர்கள் என்று போடுவார்கள். அதாவது திடுக்கிட்டால் போய்ச் சேர்ந்துவிடுகிற ஆள். அன்றிலிருந்து நான் எங்கள் வீட்டில் அந்த ஆளாகிவிட்டேன். அப்படியில்லை என்று பத்துத் தடவை சொன்னேன். நோயாளி பேச்சு எங்கே எடுபடும்?

யோங் பெங்கில் 2.50க்கு நிறுத்தினோம். நிழலில் கார் நிறுத்த இடம் இருக்கிற கடையாகப் பாருங்கள். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் இரண்டு, ஒரு ரொட்டி சானாய், ஆறு வெள்ளிக்குள் முடிந்தது. எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் கணக்கு, உப்பும் குறைவு. அதனால் குழம்பை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது எங்களுக்குள் ஒரு சின்ன உரசல். நான்தான் ஆரம்பித்தேன். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு இரண்டு மனத்தாங்கல். ஒன்று, நான் வேலைக்குப் போகாமல் இருக்கும் நேரத்தில் இவள் புது பிரிட்ஜ், புது சோபா, புது மெத்தை என்று வாங்கிப் போட்டு, வீடு முழுக்க பெயிண்டும் அடித்து வைத்திருந்தாள். இன்னொன்று அதைவிடப் பெரியது. கம்பி விட்ட அன்று இவள் ஆஸ்பத்திரியில் இல்லை. துணி எடுத்து வருகிறேன் என்று ஊருக்குப் போனவள் வரவே இல்லை. அக்காவுக்கு ஜுரம் என்று இவள் தங்கை சாந்திதான் வந்து நின்றாள். என் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், போன் அலை இதயத்துக்கு ஆகாதாம். ஐந்து நாள் கழித்துத்தான் புஷ்பா முகத்தைக் காட்டினாள், அதன் பிறகும் ஓய்வு வேண்டும் என்று மூன்று வாரம் என்னை மாசாயில் சாந்தி வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கூட்டிப்போனாள்.

"பழைய பிரிட்ஜுக்கு என்ன கேடு? நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?" என்றேன்.

"ஆசையா இருந்துச்சுங்க, வாங்கிட்டேன்."

"நான் அங்க நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன், உனக்கு இங்க ஆசை."

அவள் தட்டில் மிச்சமிருந்த ரொட்டியைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனாள். வழக்கமாக இப்படிப் பேசினால் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுக்கிறவள். சரி, குற்றம் உறுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

யோங் பெங்கிலிருந்து நெடுஞ்சாலை. டோல் பன்னிரண்டு வெள்ளி சொச்சம். கெம்பாஸில் இறங்கி, பாசிர் கூடாங் சாலையைப் பிடித்து ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாய் போய்ச் சேர்ந்தபோது மணி 5.20. எங்கள் கார் மீட்டரில் 192 கிலோமீட்டர். தொழிற்சாலை ஷிப்ட் விடுகிற நேரத்தில் மாசாய்க்குள் நுழையாதீர்கள், நாலா பக்கமும் மோட்டார் சைக்கிள் பறக்கும். புஷ்பா காரை ஓரங்கட்டி, எல்லா மோட்டாரும் போய் முடியும் வரை இருபது நிமிஷம் காத்திருந்தாள். சாந்தி வீட்டில் தங்கினோம். சொந்தக்காரர்கள் இல்லாதவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமாகவே அறை எடுத்துவிடுவது நல்லது.

புதன் காலை 6.15க்குப் போன் ஆப்பில் ஒரு வாடகைக் கார் பிடித்தோம். இருபத்தெட்டு வெள்ளி. சொந்தக் காரில் போனால் ஆஸ்பத்திரியில் நிறுத்த இடம் தேடியே ரத்த அழுத்தம் ஏறிவிடும். டிரைவர் நம் ஆள், நாற்பது வயதிருக்கும், கலகலப்பாகப் பேசினார்.

"பசியாறிட்டீங்களாண்ணே? நேத்து பாலத்துக்கிட்ட ஒரு லோரி கவுந்துருச்சு தெரியுமா? டிரைவரு இருக்காரே..."

"தம்பி, அந்தக் கதை வேணாம் லா," என்று புஷ்பா பின்னாலிருந்து குறுக்கிட்டாள். "இவருக்கு லெமா ஜந்தோங்."

"அலமாக்! சோரிக்கா, சோரி."

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும், குண்டு குழி வந்தால் பிரேக்கில் காலை வைப்பதுமாக, முட்டைக் கூடை ஏற்றிப் போகிறவர் மாதிரி ஓட்டினார். நாற்பது நிமிஷத்தில் போக வேண்டியவர்கள் 7.25க்குப் போய் இறங்கினோம். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

பதிவு ஐந்து வெள்ளி. எண் வாங்கி உட்கார்ந்தால் 8.40க்கு எக்கோவுக்குக் கூப்பிட்டார்கள். முன்னால் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள், கழற்றி மாட்ட எளிது. உள்ளே குளிரும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் பசை தடவி, கருவியை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். வலி கிடையாது. படம் எடுத்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லதா கெட்டதா, ஒன்றும் தெரியவில்லை. கேட்டேன். டாக்டர் சொல்வார் அங்கிள் என்று மலாயில் சொல்லிவிட்டு நெஞ்சைத் துடைக்கத் தாள் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். இந்தப் பயணத்திலேயே நீண்ட தூரம் அதுதான். நான் பெட்டியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி வைத்துவிட்டால் காவல்காரன் வேலைக்குப் போகலாமா, கடை போடலாமா, கடையில் என்ன விற்கலாம் என்று எங்கெங்கோ போனது மனது. பயமாக இருந்தது. புஷ்பா என் பக்கத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

11.35க்கு எங்கள் எண் வந்தது. இந்த முறை பார்த்தவர் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர், யாழ்ப்பாண வம்சம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. திரையைப் பார்த்தார். பழைய தாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஐம்பத்திரண்டு," என்றார்.

"என்ன ஐம்பத்திரண்டு?"

"உங்கட இதயம்தான் ஐயா. முந்தி இருபத்தைந்து. இப்ப ஐம்பத்திரண்டு. தாளமும் சீராத்தான் இருக்கு. பெட்டி தேவையில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. டாக்டர் தாள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் அடங்கும் வரை பொறுத்திருந்து பேசினார். மருந்தை நானாக நிறுத்தக் கூடாது. தசை தேறியிருந்தாலும் தாளம் திரும்பவும் தப்பலாம், தப்பினால் தசை மறுபடி களைத்துவிடும். பஸ் லைசன்ஸுக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி. இருபத்து நான்கு மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்து பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் படிவம் எழுதித் தருவார். சொந்தக் காரை இன்றைக்கே ஓட்டலாம்.

நான் எழுந்துவிட்டேன். புஷ்பா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இனிமே இவர்கிட்ட அதிர்ச்சியான விஷயம் ஏதாச்சும் சொல்லலாமா?"

"என்ன அதிர்ச்சி?"

"பொதுவாத்தான் கேக்குறேன். லெமா ஜந்தோங்னு சொன்னாங்க. அதனால மூணு மாசமா ஒண்ணுமே சொல்லல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, தசை பலவீனம் எண்டால் ரத்தத்தைத் தள்ளுற சக்தி குறைவு எண்டுதான் அர்த்தம். திடுக்கிட்டவுடனே நிண்டுபோகும் எண்டு இல்லை. அமைதியா இருக்கிறது நல்லதுதான். அதுக்காக வீட்டு விஷயத்தை மூடி வைக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையே."

"அப்ப சொல்லலாம்."

"தாராளமாச் சொல்லலாம்."

"சரிங்க டாக்டர்," என்று சொல்லிவிட்டுப் புஷ்பா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மருந்து வாங்க இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம். அதை முடித்துக்கொண்டு கீழே சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்தோம். நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். இரண்டு நாசி லெமாக் வாங்கலாமா என்று கேட்கத் திரும்பினால், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இங்க வார்டுல இருந்தப்ப நம்ம வீட்டுல தண்ணி ஏறிருச்சு," என்றாள்.

சிகாமட்டில் பிறந்தவன் இதைக் கேட்டதும் முதலில் கேட்பது ஒன்றுதான். "எவ்வளவு?"

"இடுப்பு வரைக்கும். காலைல பத்து மணிக்கு வாசல்ல இருந்துச்சு, பன்னெண்டு மணிக்கெல்லாம் உள்ள வந்துருச்சு. ரோடு அடைச்சிட்டாங்க, இங்க ஜேபிக்கு வர முடியல. போட் வந்து ஏத்திக்கிட்டுப் போய் ஸ்கூலு மண்டபத்துல விட்டாங்க. நாலு நாளு அங்கதான் இருந்தேன். உங்களுக்குக் கம்பி விட்ட அன்னிக்கு நான் மண்டபத்துல உக்காந்திருந்தேன்."

எங்கள் வீட்டு வரிசை கொஞ்சம் மேட்டில் இருப்பது. நான் குடிவந்ததிலிருந்து தண்ணீர் ஏறியதே இல்லை. அதனால்தான் எனக்கு எண்ணமே போகவில்லை. நான் ஊர் திரும்பியபோது வரிசை முழுக்க புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. எல்லாருக்கும் ஏதோ போனஸ் வந்திருக்கிறது போல என்று நினைத்த மண்டு நான். ஏன் எல்லாரும் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கக்கூடச் செய்தேன். சும்மாதாண்ணே, பழசாயிருச்சு என்றார். எங்கள் தாமான் குடியிருப்பே சேர்ந்து மூன்று மாதம் எனக்கு முன்னால் நடித்திருக்கிறது. பிரிட்ஜ், சோபா, மெத்தை எதுவும் ஆசைக்கு வாங்கியதில்லை.

"ஏன் சொல்லல? நான் அவ்வளவு திட்டுனேனே."

"திட்டுனா திட்டிட்டுப் போறீங்க. தண்ணி வந்துச்சுன்னு சொல்லி, நீங்க கேட்ட ஒடனே செத்துப்போயிட்டா நான் என்ன பண்றது?"

மன்னிச்சிரு என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றாள். நாசி லெமாக் இரண்டு, எட்டு வெள்ளி. சம்பலைத் தொடாமல் சாப்பிட்டேன்.

2.30க்கு மாசாயிலிருந்து கிளம்பினோம். ஸ்டீயரிங்கை நான் பிடித்தேன். கூலாய் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். சீட்டைக்கூடச் சாய்க்காமல், வாயைத் திறந்துகொண்டு, லாபிஸ் வரை அப்படியே தூங்கினாள். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. 5.15க்கு வீடு.

உங்களில் யாராவது இதே காரணத்துக்காகக் கிளம்புவதாக இருந்தால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முந்தின நாளே போய்த் தங்குங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள், பேர் மறந்துபோகும். காத்திருக்கிற இடத்தில் ஏர்கோன் அதிகம், ஒரு சட்டை கூடுதலாக எடுத்துப் போங்கள். மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடுகிறது என்றால் வாயு என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டு என்னைப் போல மாதக் கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள், சீக்கிரம் போனால் தசை தேறி வரவும் வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும்விட முக்கியம், கூட வருகிறவரை டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வைக்காதீர்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கும்.

வீட்டின் பின்பக்கம் பழைய தகரங்கள் அடுக்கிய மூலை ஒன்று உண்டு. கனமானதைத் தூக்கக் கூடாது என்று சொல்லி மூன்று மாதமாக என்னை அந்தப் பக்கமே விடவில்லை. மறுநாள் காலை பசியாறிவிட்டு அந்தத் தகரங்களை நகர்த்திப் பார்த்தேன். அங்கே மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. சுவரில் சேற்றுக் கோடு நேராக ஓடியிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். என் நெஞ்சு உயரம். புஷ்பா என்னைவிட ஒரு தலை குள்ளம். அவளைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். கோடு அவள் கழுத்தில் வந்து நின்றது.

"இடுப்பு வரைக்கும்னு சொன்ன?"

அவள் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி இவ்வளவு இருந்தப்ப நீ எங்க நின்ன?"

"இங்கதான். தகரத்துக்கு மேல ஏறி நின்னுக்கிட்டு இருந்தேன், உங்க ஆஸ்பத்திரி ஃபைலைத் தலைல வச்சிக்கிட்டு. போட் வர ரெண்டு மணி நேரமாச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "டாக்டர் சொல்லலாம்னுதான் சொன்னாங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லணும்னு சொல்லலியே."